ஜான் மியூர் பாதை: நாளுக்குப் பத்து மைலா, பதினாலா, இருபதா?

இந்தப் பாதையில் நடக்க லாட்டரியில் பெர்மிட் விழுந்துவிட்டது என்று யாராவது போன் செய்தால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "எந்த டென்ட் வாங்கலாம்?" என்றுதான் இருக்கும். டென்ட், ஷூ, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரே ஒரு எண்ணை முடிவு செய்துகொள்ளுங்கள் என்பேன்: ஒரு நாளைக்கு எத்தனை மைல். அது முடிவாகிவிட்டால் எவ்வளவு சாப்பாடு, முதுகில் எவ்வளவு எடை, எந்த ஏரிக்கரையில் தூக்கம், எத்தனை மணிக்குக் கணவாய் என்பதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். முடிவு செய்யாமல் கிளம்பினால் உங்களுக்காக உங்கள் முழங்கால் முடிவு செய்யும். எனக்கு அப்படித்தான் ஆனது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில், யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹேப்பி ஐல்ஸில் ஆரம்பித்துத் தெற்கே விட்னி சிகரம் வரை போகும் பாதை இது. நீளம் 211 மைல். பாதை 14,505 அடி உச்சியில் முடிகிறது, நடை முடிவதில்லை. அங்கிருந்து கார் வந்து நிற்கும் விட்னி போர்ட்டலுக்கு இன்னும் 11 மைல் இறங்க வேண்டும். கணக்குக்கு 220 மைல் என்று வைத்துக்கொள்வோம், சுமார் 355 கிலோமீட்டர். வழியில் வரும் ரெட்ஸ் மெடோவைத் தாண்டிவிட்டால் பிறகு 160 மைலுக்கு எந்த ரோடும் குறுக்கே வராது. (கிலோமீட்டரில் எழுதத்தான் ஆசை. ஆனால் அங்கே பலகை, வரைபடம், வழியில் எதிர்ப்படுகிறவர்கள் பேச்சு எல்லாமே மைலும் அடியும்தான். இப்போதே பழகிக்கொள்வது நல்லது.)

இந்தப் பாதையை வெட்டி முடிக்க 1915-இலிருந்து 1938 வரை ஆனது. 2017-இல் ஃபிரான்ஸ்வா டேன் என்ற பிரெஞ்சு ஓட்டக்காரர் மூன்று நாளுக்குள் ஓடி முடித்தார். நம்மைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் இருப்பவை மூன்று வேகங்கள்: நாளுக்குப் பத்து, பதினாலு, இருபது. பத்து மைல் வேகத்தில் என் அக்காவும் அத்தானும் 23 நாளில் முடித்தார்கள். இருபது மைல் திட்டத்தோடு நானும் ஒரு நண்பனும் போனோம். அவன் முடித்தான், நான் பாதியில் வெளியே வந்தேன். அதற்கு மறு வருடம் பதினாலு மைல் வேகத்தில் போய் முடித்தேன். ஆகவே மூன்றைப் பற்றியும் கொஞ்சம் உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

லீவுக் கணக்கு

220-ஐப் பத்தால் வகுத்தால் 22 நாள், பதினாலால் என்றால் 16, இருபதால் என்றால் 11. கம்பெனியில் இரண்டு வாரம் லீவு கேட்டால், முன்னும் பின்னும் நடுவிலும் உள்ள சனி ஞாயிறுகளைச் சேர்த்து 16 நாள் கிடைக்கும். பார், பதினாலு மைல் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று எல்லாரும் சந்தோஷப்படுவது இங்கேதான்.

பொருந்தவில்லை. யோசெமிட்டிக்குப் போய்ச் சேர ஒரு நாள், கடைசியில் விட்னி போர்ட்டலிலிருந்து 395-ஆம் நெடுஞ்சாலைக்கு இறங்கி வீடு வந்து சேர ஒரு நாள். நடக்க மிஞ்சுவது 14 நாள். 220-ஐ 14-ஆல் வகுத்தால் 15.7. அதுவும் ஒரு நாள்கூட உட்காராமல். "நாங்க பதினாலு மைல் பிளான்" என்று சொல்லிக்கொண்டு பதினாறு மைலுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் நிறையப் பேர்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஹேப்பி ஐல்ஸை விட்டுவிட்டு டுவாலமி மெடோஸில், லையல் கேன்யன் வழியாக ஆரம்பிப்பது. 23 மைல் குறைகிறது. மிச்சம் 197, பதினாலு நாளுக்குச் சரியாகப் பதினாலு மைல். முழுப் பாதையும் நடக்காதவன் நடந்தவனே இல்லை என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். அவர்களுக்கு லீவு அதிகம் போலிருக்கிறது. உண்மையான நஷ்டம் வேறு. ஹேப்பி ஐல்ஸ் வெறும் 4,035 அடி. அங்கிருந்து ஏறிப் போனால் உடம்பு படிப்படியாக உயரத்துக்குப் பழகும். டுவாலமி 8,600 அடி. கடல் மட்டத்திலிருந்து காலையில் கார் ஏறி வந்து அன்று மாலையே அங்கிருந்து நடந்தால் முதல் இரண்டு நாள் தலைவலிதான். ஒரு நாள் முன்னதாகவே போய் அங்கே படுத்துத் தூங்கிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் டப்பா

பேர் கேனிஸ்டர் என்பதை நாங்கள் வீட்டில் கரடி டப்பா என்போம். கரடியால் திறக்க முடியாத கெட்டியான பிளாஸ்டிக் பீப்பாய். இந்தப் பாதையில் பெரும்பகுதிக்கு அது கட்டாயம். ராத்திரி படுக்கும்போது சாப்பாடு மட்டும் இல்லை, பற்பசை, சன்ஸ்க்ரீன், லிப் பாம் என்று வாசனை உள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும். பலரும் தூக்கும் பேர்வால்ட் 500 என்ற மாடலின் கொள்ளளவு 11.5 லிட்டர். காலி டப்பாவே 1.16 கிலோ. ஒரு ஆளுக்கு ஏழு நாள் சாப்பாடு பிடிக்கும் என்பார்கள். எப்படி அடுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆறும் ஆகலாம், எட்டும் ஆகலாம்.

இப்போது பாதையைப் பாருங்கள். முதல் பாதியில் டுவாலமி, ரெட்ஸ் மெடோ, வெர்மிலியன் வேலி, மியூர் டிரெயில் ரான்ச் என்று நான்கு இடத்தில் சாப்பாடு நிரப்பிக்கொள்ளலாம். அங்கெல்லாம் எந்த வேகத்தில் நடந்தாலும் கவலை இல்லை. மியூர் டிரெயில் ரான்ச் கிட்டத்தட்டப் பாதி வழி. ஐந்து கேலன் பிளாஸ்டிக் வாளியில் சாப்பாட்டை அடைத்து முன்கூட்டியே தபாலில் அனுப்பி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு விட்னி போர்ட்டல் வரை சுமார் 110 மைல், பாதையோரத்தில் ஒன்றுமே கிடையாது.

110 மைலைப் பத்து மைல் வேகத்தில் நடந்தால் 11 நாள். பதினாலில் 8. இருபதில் ஐந்தரை, ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போகிறவனுக்குப் பசி அதிகம். மெதுவாகப் போகும் அக்காவுக்கு நாளுக்கு 700 கிராம் போதுமாக இருந்தது, எனக்கு 800, நண்பனுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஆனாலும் மொத்தம் பார்த்தால் அக்காவுக்கு 7.7 கிலோ, எனக்கு 6.4, அவனுக்கு ஆறுக்குள். அக்காவின் 11 நாள் சாப்பாடு எப்படிக் குத்தி அடைத்தாலும் ஒரு டப்பாவுக்குள் போகாது. என்னுடைய 8 நாள் போனது, எப்படியென்றால் முதல் நாள் சாப்பாடு டப்பாவுக்கு வெளியே இருக்கலாம். அன்று ராத்திரிக்குள் அது வயிற்றுக்குள் போய்விடும், டப்பாவில் இருக்க வேண்டியது ஏழு நாளைக்குத்தான்.

ஆகவே பத்து மைல்காரர்கள் நடுவில் ஒருமுறை வெளியே போய்த்தான் ஆக வேண்டும். அதற்கான வழி கியர்சார்ஜ் கணவாய். பாதையிலிருந்து பிரிந்து 11,760 அடி உயரத்துக்கு ஏறி, மறுபக்கம் ஆனியன் வேலியில் இறங்கினால் கார் நிறுத்துமிடம். ஒரு வழிக்குச் சுமார் ஏழரை மைல். போக வர பதினைந்து. கோவேறு கழுதையில் சாப்பாட்டைக் கொண்டுவந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இரண்டு பேருக்காக அழைத்தால் பர்ஸ் இளைத்துவிடும். அத்தானின் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஆனியன் வேலிக்குப் பெட்டியோடு காரில் வந்தார். அத்தான் காலி டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பினார். அக்கா அன்றைக்கு முழுக்க சார்லட் ஏரிப் பக்கம் இருந்தாள். ஏரியிலிருந்து தள்ளிப் போய் ஒரு பையில் தண்ணீர் பிடித்து, சோப்பில்லாமல் துணி அலசிக் காயப்போட்டுவிட்டு, மத்தியானம் முழுக்கத் தூங்கினாளாம். "கல்யாணத்துக்கு அப்புறம் அப்படித் தூங்கினதே இல்லைடா" என்றாள்.

பத்து மைல் திட்டத்தில் அப்படி ஒரு நாளைச் செலவழிக்க இடம் இருக்கிறது. மற்ற இரண்டிலும் இல்லை.

ஒரே கணவாய், மூன்று மணிகள்

வேகத்தின் வித்தியாசம் நன்றாகத் தெரிவது தெற்குக் கோடியில், ரே ஏரிகளுக்கும் டிண்டல் ஓடைக்கும் நடுவில் உள்ள சுமார் இருபது மைலில். அதற்குள் இரண்டு கணவாய். முதலில் கிளென், 11,978 அடி. அங்கிருந்து விடெட் மெடோவுக்கு 9,500 அடி வரை இறங்க வேண்டும். உடனே பப்ஸ் ஓடையை ஒட்டி எட்டு மைல் ஏற்றம். உச்சியில் ஃபாரஸ்டர் கணவாய், 13,153 அடி. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிபிக் கிரெஸ்ட் பாதைக்கே அதுதான் மிக உயரமான இடம்.

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி. இந்த இருபது மைலுக்கு அந்தக் கணக்கில் ஒன்பது மணிச் சொச்சம் வரும். நெய்ஸ்மித் முதுகில் பன்னிரண்டு கிலோவோடு, மூச்சுக்காற்று மெலிந்த இடத்தில் நடந்து பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் சியராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வானம் கழுவி விட்டாற்போல இருக்கும். பதினொரு மணிக்குப் பஞ்சு மாதிரி நாலு மேகம். ஒரு மணிக்கு அது கோபுரமாக எழும். இரண்டு, மூன்று மணிக்கு இடி, மின்னல், ஆலங்கட்டி. தினமும் இப்படி ஆகாது, ஆனால் என்றைக்கு ஆகும் என்பதும் தெரியாது. மரமே இல்லாத கணவாயில் அந்த நேரத்தில் நிற்கக் கூடாது என்பது அங்கே எல்லாரும் சொல்லும் பாடம்.

அக்கா அத்தான் கணக்கு: ரே ஏரிகளில் காலை எட்டு மணிக்கு மேல்தான் கிளம்பினார்கள். கிளென் ஏறி, சார்லட் ஏரிப் பக்கம் அந்தச் சாப்பாட்டு நாளையும் கழித்துவிட்டு, விடெட்டில் சாப்பிட்டு, பப்ஸ் ஓடையோடு கொஞ்சம் ஏறி, சென்டர் பேசின் பிரிவுக்குப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே படுத்தார்கள். மறுநாள் ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பது மணிக்கு ஃபாரஸ்டர் உச்சி. அங்கே உட்கார்ந்து கடலை மிட்டாய் சாப்பிட்டு, அரை மணி நேரம் போட்டோ எடுத்து, வெயிலில் இறங்கிவிட்டார்கள். மேகம் கட்டும்போது டிண்டல் ஓடைக்கரையில் டென்ட் அடித்தாகிவிட்டது.

என் கணக்கு: முந்தின நாள் உட்ஸ் ஓடைத் தொங்கு பாலத்திலிருந்து (ஒருவர் பின் ஒருவராகத்தான் கடக்கலாம், ஊஞ்சல் மாதிரி ஆடும்) கிளம்பி, ரே ஏரிகளையும் கிளென்னையும் கடந்து விடெட்டில் படுத்தேன். மறுநாள் ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்து ஃபாரஸ்டர் உச்சிக்கு வரும்போது பதினொன்று. மேலே நாலு மேகம் வந்துவிட்டிருந்தது. பத்து நிமிஷம் நின்றேன். பயம் இல்லை, ஆனால் கண் மேலேயே இருந்தது. தெற்குப் பக்கம் பாறையின் செங்குத்து முகத்தில் வெட்டிய வளைவுகள். அவற்றில் இறங்கி, பின்னால் திரும்பிப் பார்த்தபோது கணவாயின் வெட்டு ஒரு பல் விழுந்த இடம் மாதிரி தெரிந்தது.

நண்பன் கணக்கு: ரே ஏரிகளில் காலை ஐந்தரைக்கே கிளம்பினான். ஏழேகாலுக்குக் கிளென். பத்து மணிக்கு விடெட். அதுவரை எல்லாம் அட்டகாசம். அடுத்த எட்டு மைலில் 3,600 அடிக்கு மேல் ஏற்றம், ஏற்கெனவே ஒரு கணவாய் ஏறி இறங்கிய காலோடு. ஃபாரஸ்டருக்குக் கீழே மரங்கள் முடியும் இடத்தில் மணி ஒன்றரை, தெற்கே வானம் கத்தரிப்பூ நிறம். அங்கேயே நின்றுவிடலாம். ஆனால் அவன் டப்பாவில் இருந்தது இரண்டு நாள் சாப்பாடு. அன்று நின்றால் கடைசி நாள் பட்டினி. ஏறினான். மூன்று மணிக்கு உச்சி, பத்து நிமிஷத்தில் ஆலங்கட்டி. அந்தப் பாறை வளைவுகளில், நடைக்கோல்களை மடக்கி, பட்டாணி அளவு கட்டிகள் தொப்பியில் படபடக்க, ஏறக்குறைய ஓடியே இறங்கினான். ஒன்றும் ஆகவில்லை. "சூப்பரா இருந்துச்சு மச்சான்" என்றுதான் பிறகு சொன்னான். கதை சொல்லும்போது கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

ஒன்பது, பதினொன்று, மூன்று. எனக்கு ஒப்பீடு இந்த மூன்று எண்ணில் முடிந்துவிட்டது. இருபது மைல் வேகத்தில் கணவாய்க்கு நேரம் குறிப்பது நீங்கள் இல்லை, டப்பாவில் உள்ள மிச்சம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நண்பன் சண்டைக்கு வருவான். அவன் பாதை முழுக்கச் சுமந்தது பன்னிரண்டு கிலோவைத் தாண்டவில்லை. மியூர் டிரெயில் ரான்ச்சில் அக்காவின் பையைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன், பதினெட்டு கிலோ இருக்கும். எடை குறைந்தவன் விழுவதும் குறைவு. அவன் விடியலில் மான் பார்த்தான், யாருமே இல்லாத ஏரிகளைப் பார்த்தான். முழுப் பாதையையும் பதினோரு நாள் நடையில் முடித்து, லீவில் இரண்டு நாள் மிச்சம் வைத்துக்கொண்டு வீட்டில் தூங்கினான்.

என் பதினாலு மைலுக்கும் ஒரு குறை உண்டு, பெரிய குறை. பாதையிலேயே அழகான இடம் ரே ஏரிகள் என்பார்கள். ஏரிக்கு நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதை, தண்ணீரில் பிரதிபலிக்கும் கூம்புமலை. நான் அங்கே போய்ச் சேர்ந்தது காலை பத்து மணி. நிற்க நேரமில்லை. நல்ல ஏரிகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பகலில் கடப்பதற்கென்றே இந்த வேகத்தை யாரோ கண்டுபிடித்தாற்போல இருந்தது.

வயிறு

பத்தாயிரம் அடிக்கு மேல் தண்ணீர் தொண்ணூறு டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு அங்கே சாகும்வரை வேகாது. முதல் பயணத்தில் நான் பயத்தம்பருப்பு கொண்டுபோனேன். இரண்டாவது நாள் ராத்திரி ஒரு கேஸ் சிலிண்டரில் கால்வாசியைக் காலி செய்த பிறகும் பல்லில் கடிபட்டது.

மெதுவாகப் போகிறவர்கள் சமைக்கலாம், ஏனென்றால் நாலு மணிக்கே கூடாரம் அடித்துவிட்டு வேறு வேலை இல்லாமல் இருப்பார்கள். அக்கா வீட்டிலேயே சாம்பார் சாதம் செய்து, டீஹைட்ரேட்டரில் காயவைத்துப் பொட்டலம் போட்டிருந்தாள். வெந்நீர் ஊற்றி இருபது நிமிஷம் துணி சுற்றி வைத்தால் சாதம். காலையில் புரூ காபி. ரசப்பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்ததை அத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இருபது மைல்காரனுக்கு அடுப்பே சுமை. நண்பன் அடுப்பு எடுக்கவில்லை. அவல். நடந்துகொண்டே ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் அவலும் தண்ணீரும் போட்டுவிட்டால் அரை மணியில் ஊறிவிடும், புளிக்காய்ச்சல் பிசைந்தால் சாப்பாடு. குசேலர் துவாரகைக்கு நடந்தபோது மேல்துணியில் முடிந்துகொண்டு போனதும் அதுதான், மனிதர் தெரிந்துதான் செய்திருக்கிறார். ஆனால் ஆறு நாள் மூன்று வேளையும் சில்லென்ற அவல் தின்ன மனசு வேண்டும். எனக்கு அது மூன்றாவது நாளே போதும் என்றாகிவிட்டது.

நான் இரண்டாம் முறை செய்தது கலப்படம்: காலையும் மத்தியானமும் அடுப்பில்லாமல், ராத்திரி மட்டும் வெந்நீர். டப்பாவில் இடம் குறைவு, அதனால் ஒவ்வொரு கிராமும் எவ்வளவு சக்தி தருகிறது என்று பார்க்க வேண்டும். நூறு கிராம் அவலில் சுமார் 350 கலோரி, கடலை மிட்டாயில் 500 போல, நெய்யில் 900-ஐ நெருங்கும். அம்மா ஆசையாகச் சுட்டு அனுப்பிய முறுக்கை அப்படியே அடுக்கினால் டப்பாவில் பாதி காற்றுதான் இருக்கும். வேறு வழியில்லை, உரலில் போட்டுப் பொடித்து, பொடியாகத் தூக்கிப்போனேன். ரசத்தில் தூவிச் சாப்பிட்டேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

முழங்கால்

என் இருபது மைல் எங்கே முடிந்தது என்று சொல்கிறேன். பிஞ்சோட் கணவாயிலிருந்து உட்ஸ் ஓடைக்கு இறக்கம், 12,130 அடியிலிருந்து 8,500 அடிக்கு. ஒரே மத்தியானத்தில். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், நின்றால் திரும்பக் கிடைக்கும். இறக்கம் வாங்குவது முழங்காலை. அந்த இறக்கத்தில் பாதியில் இடது முழங்காலின் வெளிப்பக்கம் ஒரு ஊசி குத்தினாற்போல ஆரம்பித்தது. அதற்கு முந்தின மூன்று நாளும் இருபதுக்கு மேல் நடந்திருந்தேன். பாலத்துக்கு வரும்போது படி இறங்குவதுபோல ஒவ்வொரு காலாக வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ரே ஏரிகள் வரை ஆறு மைலுக்கு ஏழு மணி நேரம். அதற்கு அடுத்த நாள் நண்பனை அனுப்பிவிட்டு நான் கியர்சார்ஜ் வழியாக நொண்டி நொண்டி ஆனியன் வேலிக்கு வந்தேன். யாரோ ஒரு தம்பதி இன்டிபெண்டன்ஸ் ஊர் வரை காரில் கொண்டுவந்து விட்டார்கள்.

குறை வேகத்தில் இல்லை, வரிசையில். வாரக் கடைசியில் ஒரு நாள் இருபது மைல் நடந்துவிட்டு "நம்மால் முடியும்" என்று நினைத்துவிட்டேன். ஒரு நாள் முடிவதும், ஏழாவது நாளாகத் தொடர்ந்து முடிவதும் ஒன்றல்ல.

கொசுவும் ஓடையும்

ஜூலை முதல் பாதியில் லையல் கேன்யனிலும் எவல்யூஷன் பக்கமும் கொசு தின்றுவிடும். அப்போது மெதுவாகப் போனால் ஐந்து மணிக்கே டென்டுக்குள் ஒளிய வேண்டியதுதான். ஆகஸ்டில் குறைந்துவிடும். பனி உருகும் பருவத்தில் ஓடைகள் சாயங்காலம் உயரும், காலையில் வடிந்திருக்கும். எவல்யூஷன் ஓடையை இறங்கித்தான் கடக்க வேண்டும், தண்ணீர் அதிகமான வருடத்தில் மேலே புல்வெளியில் அகலமாக ஓடும் இடத்தில் கடப்பது மேல். மெதுவாகப் போகிறவர்கள் காலைக்காகக் காத்திருக்கலாம். செப்டம்பரில் இடி மழை குறைவு, ஆனால் பகலும் குறைவு. இருபது மைல்காரர்கள் விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் டார்ச் வெளிச்சத்தில் நடப்பார்கள். ராத்திரி உறையும் குளிரில் தண்ணீர் ஃபில்டரை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துப் படுங்கள், உறைந்தால் உள்ளே இழை வெடித்து வீணாகிவிடும். கழிப்பறைக் காகிதத்தைத் திரும்பச் சுமந்து வர வேண்டும் என்பது விதி. நம் ஆட்களுக்கு அதில் ஒரு சௌகரியம், ஒரு பாட்டில் தண்ணீர் போதும்.

சரி, எது?

வேலையை விட்டுவிட்டு அடுத்த வேலைக்கு நடுவில் இருக்கிறீர்களா, ரிடையர் ஆகிவிட்டீர்களா, பதின்ம வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகிறீர்களா: பத்து மைல். கியர்சார்ஜ் வழியாக வெளியே போய் வரும் நாளை முதலிலேயே கணக்கில் சேருங்கள், ஆனியன் வேலிக்கு வரக்கூடிய நண்பரை இப்போதே பிடித்து வையுங்கள்.

இருபது மைல், கிளம்புவதற்கு முன் ஊரில் பையோடு மூன்று நாள் தொடர்ந்து பதினைந்து மைல் நடந்து, நாலாவது நாள் காலையில் மாடிப்படி இறங்கிப் பார்த்து வலியில்லாதவர்களுக்கு மட்டும். சாப்பாட்டில் ஒரு நாள் உபரி வையுங்கள். நண்பனிடம் அந்த ஒரு நாள் இருந்திருந்தால் அன்றைக்கு ஒன்றரை மணிக்கு மரத்தடியிலேயே நின்றிருப்பான்.

மற்ற எல்லாருக்கும் பதினாலு, லையல் கேன்யனிலிருந்து. ஆனால் சராசரி பதினாலு என்றால் தினமும் பதினாலு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்தத் தப்பை நான் இரண்டாம் முறையும் செய்தேன். முதல் மூன்று நாள் எட்டு, ஒன்பது, பத்து போதும். கால் பழகின பிறகு பதினாறு பதினேழு தானாக வரும். வரைபடத்தில் மைலுக்குக் கோடு போடாமல், டானஹியூ, மியூர், மேதர், பிஞ்சோட், கிளென், ஃபாரஸ்டர் என்று கணவாய்களை முதலில் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பதினொரு மணிக்குள் கடக்க முந்தின ராத்திரி எங்கே படுக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போட்டால் நாட்கள் தாமாகவே அமையும். சில நாள் ஒன்பது மைல் வரும், சில நாள் பதினெட்டு.

அடுத்த ஜூலைக்கு அக்காவும் நானும் சேர்ந்து லாட்டரிக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். பத்தா, பதினாலா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. அக்கா ஒரு காகிதத்தில் "ரே ஏரிகள், ஒரு ராத்திரி" என்று எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டாள். மிச்ச நாட்களை அதைச் சுற்றித்தான் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.